பானைக் கரிப் படங்கள் யாருடையவை

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்ட பட்டியலை நான் அனுப்பப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணுக்காய்க்குப் போய் ஒரு மாதத்தில் நீ எழுதிய கடிதத்தை நான் நாலு தடவை வாசித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்கு நீ ஒருவன்தான், ஆறாம் ஆண்டிலிருந்து பன்னிரண்டாம் ஆண்டுவரை எல்லா வகுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள், வகுப்புக்கு வகுப்பு செயற்றிட்டம் செய்விக்க வேண்டும், யோசனை வறண்டுவிட்டது, "உங்கட பழைய பைலை அனுப்பிவிடுங்கோ அம்மா" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே இன்னொரு செய்தி. சித்திர ஆசிரியர்களுக்காக ஒரு கைநூல் அச்சாகிறது, அதில் முதல் பாடமாக உன்னுடைய பானைப் படங்கள் வருகின்றன, அந்த யோசனை எப்படிப் பிறந்தது என்று நான் ஒரு பந்தி எழுதித் தர வேண்டும் என்று. அந்தப் பந்தியைத்தான் இப்போது எழுதுகிறேன். அது ஒரு பந்தியில் அடங்காது. நீ விரும்பும் பந்தியாகவும் இருக்காது.

முதலில் அந்தப் பைலின் கதை. சிறுவயதில் நீ அதைத் தொட்டால் நான் சத்தம் போடுவேன், ஞாபகம் இருக்கும். நான் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் வெட்டி ஒட்டிய யோசனைகள் அதில் இருக்கின்றன. ஐஸ்கிறீம் தடி ஐம்பது எடுத்து வீடு செய்வது, யோகட் கோப்பையில் பூச்சாடி செய்வது, பழைய வாழ்த்து அட்டையை வெட்டிப் பெட்டி செய்வது. எல்லாவற்றுக்கும் மேலே 'கழிவுப் பொருட்களில் கலை' என்று தலைப்பு. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சவர்க்காரக் கட்டியை நூலால் அறுத்துப் பங்கு போட்ட சனத்தின் பிள்ளைகளுக்கு, நான் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஏழாம் ஆண்டில் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், ஐஸ்கிறீம் தடி எந்த மரத்தில ரீச்சர் இருக்கும்?" என்று கேட்டது. வகுப்பு சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. சிரித்தது நான் மட்டும்தான். பிறகு ஈர்க்கை வெட்டிக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு பால்மா ரின் காலியானால் அது அரிசி அளக்கும் சுண்டாகும், அதன் மூடி எலி வரும் ஓட்டைக்கு அடைப்பாகும். அந்த வீடுகளில் கழிவு என்று ஒரு பொருளே இல்லை. இதெல்லாம் தெரியாதவர்கள் எங்கேயோ இருந்து வகுத்த பாடத்தை, தெரிந்த நான் அப்படியே ஒப்புவித்தேன். சம்பளம் அதற்குத்தான் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ மூன்றாம் ஆண்டு படித்தபோது ஒரு நாய் கீறிக்கொண்டு வந்தாய். அதற்கு ஐந்து கால். நான் அழிறப்பரை எடுத்து ஒரு காலை அழித்தேன். நீ குழறி அழுதாய். "அது ஓடுது அம்மா! ஓடுற நாய்க்கு அப்பிடித்தான் தெரியும்!" என்றாய். நான் உன் கையைப் பிடித்து நாலு காலில், அசையாமல் நிற்கிற ஒரு நாயைக் கீறிவைத்தேன். அடுத்த நாள் உன் ரீச்சர் அதற்கு 'மிக நன்று' போட்டார். வீட்டுக்கு வந்து, "அம்மா, உங்களுக்கு மிக நன்று போட்டிருக்கினம்" என்று கொப்பியை என் முன்னால் போட்டாய். நீ பகிடிக்குச் சொல்லவில்லை. உனக்கு எட்டு வயது, உண்மையைச் சொன்னாய். அப்பா இருந்த காலம் அது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் தொழிலில் அதற்குத் 'திருத்தம்' என்று மரியாதையான ஒரு பெயர் இருக்கிறது. போட்டிக்குப் பிள்ளை கீறும், ரீச்சர் திருத்துவார், அனுப்புவார். வலயப் போட்டியில் பரிசு கிடைத்தால் அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லி ரீச்சரைப் பார்ப்பார். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் பேசமாட்டார்கள். நான் மட்டும் எத்தனை வானத்துக்கு நீலம் பூசியிருப்பேன், எத்தனை பனைமரத்தை நிமிர்த்தியிருப்பேன். இப்படிப் பிள்ளையின் தாளில் கை வைத்துப் பழகியவளுக்குப் பிள்ளையின் தலைக்குள்ளே இருப்பதை எடுக்க அதிக நாள் பிடிக்கவில்லை.

சண்டை நின்று பாதை திறந்த அடுத்த வருடம். நாங்கள் இன்னும் ஸ்கந்தபுரத்திலேயே இருந்தோம். நீ கிளிநொச்சியில் உயர்தரம், சித்திரம் ஒரு பாடம். நான் ஒன்பதாம் ஆண்டு வகுப்பாசிரியை. அதுவரை நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்காத ஆட்கள் எல்லாம் வெள்ளை வாகனங்களில் வந்து இறங்கினார்கள். எங்கும் பட்டறை, போட்டி, கண்காட்சி. கிளிநொச்சியில் ஒரு பெரிய கண்காட்சி வைக்கப்போகிறார்கள், ஆறாம் ஆண்டிலிருந்து உயர்தரம்வரை பிள்ளைகள் தனியாகச் செய்த செயற்றிட்டங்களைக் கொண்டு வரலாம், கொழும்பிலிருந்தும் வெளியிலிருந்தும் ஆட்கள் பார்க்க வருவார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. நீ பத்து நாளாக வெறும் பிரிஸ்ரல் போட் அட்டையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். புறா கீறினாய், கிழித்தாய். கைகுலுக்குகிற இரண்டு கைகள் கீறினாய், கிழித்தாய். "எல்லாப் பொடியளும் புறாதான் அம்மா கீறுறாங்கள். கண்காட்சியில புறாக்கூடுதான் இருக்கப்போகுது" என்று படுத்துவிட்டாய்.

என் வகுப்பில் ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை இருந்தாள். முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வேதக்காரக் குடும்பம். எங்கள் ஒழுங்கையின் கடைசிக் கொட்டில் அவர்களுடையது. தகப்பனுக்குக் கடலைவிட்டால் வேறு தொழில் தெரியாது. வயற்காட்டுக்கு நடுவில் வந்து கூலிக்கு வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் இடைவேளையில் அவள் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். சீமெந்துப் பையின் உட்தாள். தடை எடுபட்டுச் சீமெந்து வரத் தொடங்கியிருந்த நேரம், எங்கேயோ வீடு கட்டுகிற இடத்தில் பொறுக்கியிருக்கிறாள். விரித்தாள். நடுவில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம்.

"என்ன பிள்ளை இது?"

"எங்கட சோத்துப்பானை ரீச்சர். அடியை ஒத்தி எடுத்தனான். இந்த வளைஞ்ச இடம் புதுக்குடியிருப்பில ரக்ரரால விழுந்து நெளிஞ்சது. இது ஓட்டை அடைச்ச இடம், ஈயம் பூசினது, அதில கரி பிடிக்கேல்ல, வெள்ளையாத் தெரியுது பாருங்கோ. ஒவ்வொரு வீட்டுப் பானையும் ஒவ்வொரு மாதிரி ரீச்சர். ஒழுங்கையில எல்லாற்றையும் எடுத்து, எந்தெந்த ஊரால வந்ததெண்டு கீழ எழுதினா, கண்காட்சிக்கு வைக்கலாமோ?"

தம்பி, நான் அந்தத் தாளைப் பார்த்த கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகுதான் விளங்கியது என்று பொய் சொல்லமாட்டேன். பதினைந்து வருடம் வெட்டி ஒட்டிய என் பைல் முழுவதும் அந்த ஒரு தாளுக்கு ஈடாகாது என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே, "சீ, கரி! வெள்ளை உடுப்போட பெரிய ஆக்கள் வருவினம், அவைக்கு இதையோ காட்டுறது? ஈர்க்கில வீடு செய்துகொண்டு வா" என்றேன். அவள் தாளுக்குக் கை நீட்டினாள். "இது இங்க கிடக்கட்டும்" என்று மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டேன். மனிதர் ஒரு பொருளைத் திருடுவதற்கு முன்னால் அதை அசிங்கம் என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் காணி பறித்தவர்கள் எல்லாரும் முதலில் அது தரிசு என்றுதான் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் உனக்குச் சோறு போட்டுவிட்டு, நானே இப்போதுதான் நினைத்ததுபோல, "தம்பி, பானை அடியை ஒத்தி எடுத்துப் பார்த்தா என்ன?" என்றேன். நீ கையைக் கழுவாமல் எழும்பிவிட்டாய். உன் முகம் அப்படி வெளிச்சமானதை அப்பா போன பிறகு நான் பார்த்ததில்லை. "அம்மா, உங்களுக்கு எப்பிடி அம்மா இது வந்தது?" என்று கேட்டாய். "அடுப்படியில நிக்கிறவளுக்கு வராமல் ஆருக்கு வரும்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வசனம்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். பதினெட்டு வயது ஆண்பிள்ளை படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் வீட்டில் நின்றால் சண்டைக்கு ஆள் கேட்டு யார் யார் வருவார்கள் என்று உனக்குத் தெரியும். உன்னை ஒரு கதிரையில், ஒரு பதிவேட்டில், ஒரு சான்றிதழில் கட்டிவைக்க வேண்டும் என்று அந்த வருடம் முழுவதும் எனக்கு அதே நினைப்பு. இது உண்மை. ஆனால் இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் நான் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளை. அவளுக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. நான் அவளிடமிருந்து எடுத்ததற்கு உண்மையான காரணம் வேறு. கடற்கரைச் சனத்தின் பிள்ளைக்கு யோசனை வரும் என்று நான் நம்பவில்லை. அவள் தற்செயலாக எதையோ கண்டுவிட்டாள், அதன் பெறுமதி தெரிந்தது எனக்குத்தான், ஆகவே அது என்னுடையது என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் வந்தால் மீன் மணக்கிறது என்று கதிரையைப் பின்னுக்கு இழுக்கிறவளாக இருந்தேன். மீனுக்கு வழியே இல்லாத ஸ்கந்தபுரத்தில், தம்பி. அவர்கள் வீட்டில் மீன் கண்டு எவ்வளவு காலம். அந்த மணம் என் மூக்குக்குள் இருந்தது, பரம்பரையாக.

மிச்சம் உனக்குத் தெரிந்தது, ஆனால் முழுவதும் தெரியாது. நீ ஒழுங்கை முழுக்கப் பானை இரவல் வாங்கினாய். கரி தாளில் நிற்காமல் உதிர்ந்துகொண்டே இருந்ததால், பானைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடியில் கறுப்புப் போஸ்ரர் கலர் பூசி ஒத்தினாய். ஒரு கிழமைக்குப் பெண்கள் என்னை ஒழுங்கையில் மறித்துத் திட்டினார்கள். "ரீச்சர், உங்கட மகன் சோத்துப்பானைக்கு மையெல்லோ பூசிவிட்டிருக்கிறார். நாலு நாளாச் சோறு பெயின்ற் மணக்குது. பிள்ளையள் சாப்பிட்டா நாக்கில படம் வருமோ?" என்று ஒருத்தி கேட்டாள். கடைசிக் கொட்டிலுக்கும் நீ போனாய். ஜெசிந்தா பள்ளிக்கூடத்தில். அவளுடைய தாய் சோற்றை வேறு சட்டியில் கொட்டிவிட்டுப் பானையைத் தந்திருக்கிறா. "ரீச்சரின்ர மகனெண்டால் கொண்டுபோங்கோ தம்பி. பின்னேரம் தந்தாக் காணும்" என்று அவா சொன்னதை நீதான் எனக்கு வந்து சொன்னாய், எவ்வளவு நல்ல மனிசி என்று.

கண்காட்சி நாளில் எங்கள் பிள்ளைகளை ரக்ரரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். உன் பன்னிரண்டு வட்டங்களும் மண்டபத்தின் நடுச்சுவரில். அவற்றின் கீழே உன் வடிவான எழுத்தில் ஊர்களின் பெயர்கள். உண்மையிலேயே புறாக்களுக்கு நடுவில் அவை மட்டும்தான் கண்ணில் நின்றன. நீ அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர் ஒருவரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாய். ஜெசிந்தா மூன்றாவது வட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். நான் இரண்டு ரீச்சர்மாரோடு பக்கத்தில் நின்றேன்.

"ரீச்சர், இது எங்கட பானை."

"ஓம் பிள்ளை. அம்மா தந்தவா."

"யோசினையும் நாங்கள் தந்ததுதானே ரீச்சர்."

சத்தமாகச் சொல்லவில்லை. சண்டைக்கும் சொல்லவில்லை. நான் ஓம் என்று சொல்வேன் என்று நம்பிக்கொண்டு சொன்னாள். மற்ற ரீச்சர்மார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான், "ஒரே யோசனை ரெண்டு பேருக்கு வராதோ? பெரிய ஆக்கள் நிக்கிற இடத்தில யோசிச்சுக் கதை பிள்ளை" என்றேன். ஒரு ரீச்சர், "கடற்கரைப் பிள்ளையளுக்கு வாய் நீளம்" என்றார். மற்றவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் களவெடுத்ததைக்கூட என்றாவது எழுதியிருப்பேன். அந்தச் சிரிப்பை எழுதத்தான் எனக்கு மூன்று வருடம் எடுத்திருக்கிறது. நீ திரும்பி வந்து, "ஏன் அம்மா அந்தப் பிள்ளை அழுறா?" என்று கேட்டாய். "வயித்துக்குத்தாம்" என்றேன். நீ உன் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்தாய். அவள் வாங்கவில்லை. "பாவம், வெக்கப்படுறா" என்று நீ சொன்னாய். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன்னுடைய நல்ல மனத்தைக்கூட அன்றைக்கு நான் அசிங்கப்படுத்திவிட்டேன் என்பதற்காக எழுதுகிறேன்.

அதன் பிறகு அவள் ஈர்க்கில் வீடு செய்துகொண்டு வந்தாள். கதவு திறந்து மூடும். நான் வகுப்பிலேயே ஆகக் கூடிய புள்ளியைப் போட்டேன். அவள் கொப்பியைத் திரும்பக் கொண்டுவந்து, "கூடப் போட்டுட்டீங்கள் ரீச்சர்" என்று வைத்துவிட்டுப் போனாள். பத்தாம் ஆண்டில் பாடம் தெரிவு செய்தபோது சித்திரம் எடுக்கவில்லை. அவர்கள் குடும்பம் ஊர் திரும்பியது. உனக்கு முதல் பரிசு, பத்திரிகையில் படம், பயிற்சி, இப்போது ஆசிரியர் வேலை. எல்லாம் அந்த மூன்றாவது வட்டத்தில் தொடங்கியது. நீ வளர்ந்ததும் உன் திறமையும் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ ஏறிய முதல் படி உன்னுடையது அல்ல, என்னுடையதும் அல்ல. அது உனக்குத் தெரியாமலே நீ ஏறிவிட்டாய். தெரிந்துகொண்டு ஏற்றியவள் நான்.

கைநூல் என்று நீ எழுதியிராவிட்டால் நான் பேசாமல் செத்திருப்பேன். அதையும் மறைக்கவில்லை. ஒரு சுவரில் தொங்கிய பொய் மங்கிப்போகும். அச்சில் வந்தால் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள். அதனால் போன சனிக்கிழமை பரந்தனுக்குப் போய் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். அவள் முள்ளிவாய்க்காலில் இருக்கிறாள் என்று விசாரித்து வைத்திருந்தேன். சுனாமிக் கடல் வந்து போன பிறகு கட்டிக்கொடுத்த தகரக் கொட்டில்கள். அவள் கரையில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள். என்னைக் கண்டதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழும்பினாள். அந்த மரியாதை எனக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

"சித்திரம் ஏன் எடுக்கேல்ல பிள்ளை?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. பார், எப்படிப்பட்ட ஆள் நான்.

"நாடகம் எடுத்தனான் ரீச்சர். அதில ஒருத்தரும் களவெடுக்க ஏலாது. எல்லாருக்கும் முன்னாலதானே ஆடுறது" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

அவளுடைய தாளை நான் மூன்று வருடமாக அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் விரலால் கரியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. அப்போதுதான் நானும் கவனித்தேன். நீ ஒத்த ஒத்த உதிர்ந்துபோன கரி, இவள் தாளில் மூன்று வருடம் அப்படியே நிற்கிறது. எப்படி என்று கேட்டேன். "தாளில கஞ்சித் தண்ணியைத் தடவி, அது அரைவாசி காய்ஞ்சிருக்கேக்க ஒத்தினனான் ரீச்சர். அண்டைக்குக் கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன்" என்றாள். நான் அவளுடைய யோசனையின் பாதியைத்தான் திருடியிருக்கிறேன், தம்பி. கைநூலில் நீ போஸ்ரர் கலர் ஒரு போத்தல் தேவை என்று எழுதியிருப்பாய். துணுக்காயில் எத்தனை பிள்ளை அதை வாங்கும்? அவளுடைய முறைக்கு ஒரு சதம் தேவையில்லை. அடுப்பு எரிகிற வீடு ஒன்று போதும்.

பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். களவெடுத்தது நான், மகனுக்குத் தெரியாது, மன்னித்துக்கொள் என்று. அவளுடைய தாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வந்தவாக்குத் தேத்தண்ணி குடுக்காமல் என்ன கதை பிள்ளை?" என்றா. அவவுக்கு எதுவும் தெரியாது. மகள் இன்றுவரை சொல்லவில்லையாம். ஜெசிந்தா எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள்: "மன்னிக்கிறது எனக்குத் தெரியாது ரீச்சர். அது பூசையில சொல்லுறது. உங்கட மனம் ஆற வேணுமெண்டு வந்திருந்தா ஆறாது. புத்தகம் வருதெண்டு சொல்லுறியள். அதில என்ர பேரைப் போடச் சொல்லுங்கோ. முழுப் பேர், அப்பான்ர பேரோட. கீழ சின்னனா நன்றி எண்டு இல்லை. மேல."

"சொல்லுறன் பிள்ளை."

"அவர் போடாட்டி?"

"நான் போய்க் கல்வி அலுவலகத்தில சொல்லுவன்."

"மகனை விட்டுக் குடுப்பியளோ ரீச்சர்?" என்று கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள். பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ யோசனை கேட்டாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பத்திரிகையைப் புரட்டாதே, என் பைலையும் கேட்காதே, அதை நேற்று அடுப்பில் போட்டுவிட்டேன். பிள்ளைகளிடம் கேள். காலையில் வீட்டை விட்டு வரும்போது எதைப் பார்த்தாய் என்று கேள். பின்வாங்கில் இருக்கிற, நீ பெயர் மறக்கிற பிள்ளையிடம் முதலில் கேள். அது ஐந்து காலோடு கொண்டு வந்தால் அழிறப்பரை எடுக்காதே. அது சொன்னதைக் கரும்பலகையில் எழுதும்போது பக்கத்தில் அதன் பெயரையும் எழுது.

கைநூலுக்கு நீ கேட்ட பந்தியை நான் எழுதித் தரமாட்டேன். மூன்றாம் ஆண்டிலிருந்து உனக்கு எழுதிக் கொடுத்ததும் கீறிக் கொடுத்ததும் போதும். அதை நீ எழுது. நீ வெட்கப்படுவாய், கோபப்படுவாய், என்னோடு கொஞ்சக் காலம் கதைக்காமலும் இருப்பாய். இரு. உன் அதிபர் உன்னை வேறு கண்ணால் பார்க்கலாம். வேலை உறுதியாகாமலும் போகலாம். உன்னைக் கதிரையில் கட்டிவைக்கத்தான் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன், அதே கதிரையை இன்றைக்கு நானே இழுக்கிறேன். முன்னரங்கப் பக்கம் திரும்பவும் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிற நேரத்தில், பயந்து பயந்துதான் இழுக்கிறேன். ஆனால் இழுக்கிறேன்.

அவளுடைய முழுப்பெயரை என் கொப்பித் தாள் ஒன்றில் அவளே எழுதித் தந்தாள். கருவாட்டு உப்புப் பட்டு ஒரு மூலை நனைந்திருக்கிறது, ஆனாலும் வாசிக்கலாம். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பார்த்து எழுது. அச்சுக்குப் போகும் முன் நீ எழுதிய தாளை எனக்குக் காட்டு. அதில் அந்தப் பெயர் மேலே இல்லாவிட்டால், நான் சேலையை மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போவேன். எடுத்தது நான், கொடுத்தது நான், என் மகன் தெரிந்துகொண்டும் மறைத்துவிட்டான் என்று சொல்லுவேன். மகனை விட்டுக் குடுப்பியளோ என்று அவள் கேட்டதற்குக் கடற்கரையில் எனக்குப் பதில் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது வந்தது. ஓம் பிள்ளை, குடுப்பன்.

அம்மா